பிரேக்கில் கால் வைத்தால் வரும் ரஷ்ய மொழி

மாஸ்டருக்கு ரஷ்ய மொழி பேச வரும். காருக்குள் மட்டும். அதிலும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அவர் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கில் வலது காலை வைத்திருக்கும்போது மட்டும். இறங்கிக் கதவைச் சாத்தினால் மொழி உள்ளேயே நின்றுவிடும். மறுநாள் காலை ஆறரைக்குத் திரும்பப் போய் உட்கார்ந்தால் அது சீட்டில் அப்படியே காத்துக்கொண்டிருக்கும்.

இருபத்தெட்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். ஊரில் பாதிப் பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்தவர்கள்தான். அவர்கள் வைத்த பெயர் 'அரை பிரேக்'. எதிரே லாரி வந்தாலும் சரி, சுவரே வந்தாலும் சரி, தன் பிரேக்கை அவர் பாதிக்கு மேல் மிதித்து யாரும் பார்த்ததில்லை. பூனை நடக்கிற மாதிரி வண்டி நிற்கும். ஓட்டுகிறவருக்குத் தானே நிறுத்தியது போலிருக்கும்.

காருக்குள் இருப்பவரை அவர் திட்டியதும் கிடையாது. வெளியே இருப்பவர்களை விட்டதும் கிடையாது. குறுக்கே ஒருவர் போனைப் பார்த்தபடி நடந்தால் போதும், கண்ணாடியை இறக்கி, "என்னப்பா, வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த கியர்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தவரை ரஷ்ய மொழிக்குள் தள்ளியது அவருடைய ஒரே மகள். அவள் வேறொரு நாட்டில் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். பக்கத்து மேசையில் வேலை செய்யும் ரஷ்யப் பையனைப் பிடித்துப்போய்விட்டது. பையனை மாஸ்டருக்கும் பிடித்துவிட்டது. வீடியோவில் ஒரு மணி நேரம் பேசியதில், அவன் ரிவர்ஸ் எடுக்கும்போது தலையைத் திருப்பிப் பார்க்கிற ஆள் என்று தெரிந்தது. அதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது?

சிக்கல் பையனின் அப்பா.

"அப்பா, அவரு உங்களோட பேசணுமாம்."

"பேசட்டுமே. நீ கூட இருந்து எடுத்துச் சொல்லு."

"அதான் கூடாதாம். நடுவுல ஆள் இருந்தா பேச மாட்டாராம். பத்து நிமிஷம், நீங்களும் அவரும் மட்டும். அவங்க பாஷையில."

"ஏன், அவரு நம்ம பாஷையைக் கத்துக்கிட்டா வாய் கோணிக்குமா?"

"அப்பா, அவரு கப்பல் கட்டுற எடத்துல கிரேன் ஓட்டுறவரு. முப்பது வருஷமா உச்சியில ஒரு கண்ணாடி ரூம்ல தனியா உக்காந்திருக்காரு. பெத்த புள்ளைகிட்டயே நாள் ஒண்ணுக்கு நாலு வார்த்தைதான். அவரு பேசறேன்னு சொன்னதே பெரிசு."

"பேசலன்னா?"

"அவரு சரின்னு சொல்லாம இவன் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டான்பா. அதனால..."

மகள் அங்கேயே நிறுத்திக்கொண்டாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே பேச்சைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லாத பெண். மாஸ்டர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

"எப்ப?"

"மூணு மாசம் டைம் கேட்டிருக்கேன். அப்பா, உங்களால முடியும்ல?"

"எட்டாவது தடவை ஃபெயிலான ஆளுக்கே லைசென்ஸ் வாங்கிக் குடுத்திருக்கேன். எனக்கு நானே வாங்கிக்க மாட்டேனா?"

போனை வைத்ததும் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவர் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவர். வலியோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, பதற்றப்படுவதையே விட்டுவிட்டவர்.

"ஆக, எம் பொண்ணு கல்யாணம் உங்க நாக்குல நிக்குது."

"நிக்கட்டும். என்ன இப்போ?"

"நல்லா வெளங்கும்னு சொன்னேன்."

முதலில் போனில் ஒரு பாடத்தை இறக்கினார். அதில் ஒரு பெண் குரல், 'பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான்', 'குதிரை பால் குடிக்கிறது' என்று ரஷ்ய மொழியில் சொல்லிக்கொண்டே போனது. கிரேன் ஓட்டும் சம்பந்தியிடம் குதிரை பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று யோசித்ததில் பாடம் போய்விட்டது. அடுத்து வீடு முழுக்கச் சீட்டு ஒட்டினார். கதவில் கதவுக்கான சொல், ஜன்னலில் ஜன்னலுக்கான சொல், ஃபிரிட்ஜில் 'ஹலதீல்னிக்'. மூன்று வாரம் கழித்து மனைவி பரீட்சை வைத்தார்.

"இது என்ன?"

மாஸ்டர் ஃபிரிட்ஜைப் பேந்தப் பேந்தப் பார்த்தார். "ஹ... ஹாலி..."

"ஹலதீல்னிக். சீட்டு மேல தூசி தொடைக்கும்போது படிச்சே எனக்கு வந்துருச்சு. இந்த வீட்ல நான் சொல்றதே உங்க காதுல ஏறாது. ரஷ்யாக்காரன் சொன்னா ஏறிடுமா?"

கோபத்தில் சொன்னாலும் அது உண்மை. மாஸ்டரின் காது காலை ஆறரையிலிருந்து மாலை ஆறு வரை, அந்த ஒரு சீட்டில் மட்டும்தான் திறந்திருக்கும். இன்ஜின் முனகினால் கேட்கும். பின்னால் நான்கு வண்டி தள்ளி ஒருவர் ஹாரன் அடிக்கலாமா என்று யோசித்தால்கூடக் கேட்கும். வீட்டுக்குள் வந்தால் ஷட்டரை இறக்கிவிடும்.

மூன்று மாதத்தில் ஒரு மாதம் காலி. கையில் இருந்தது ஃபிரிட்ஜ், அதுவும் பாதி.

அந்த நேரத்தில்தான் நீச்சல் கோச் மறுபடி கார் கற்றுக்கொள்ளத் திரும்பி வந்தார். நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுக்கும் ரஷ்யப் பெண்மணி. கதவளவு தோள். குளத்தின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரையில் இருப்பவரைத் திருத்தும் குரல். தண்ணீரில் எதற்கும் அஞ்சாதவர், ரோட்டில் சைக்கிளுக்கும் அஞ்சுவார். ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை ஃபெயில். மூன்று முறையும் ஒரே ஆய்வாளர். மூன்றாவது முறை அவர் தேர்வு முடிந்து இறங்கியதும் கொஞ்ச நேரம் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டுத்தான் போனார்.

தமிழ் அவருக்குக் கொஞ்சம் வரும். பெரும்பாலும் அந்தக் கார் கற்றுக்கொடுத்த தமிழ்.

நான்காவது சுற்றின் முதல் வகுப்பில் மாஸ்டர் ஒன்றைக் கண்டுபிடித்தார். ரவுண்டானா நெருங்கியதும் கோச்சின் கன்னம் உப்பியது. சுற்றி முடிக்கும்வரை முகம் சிவந்து, நெற்றி நரம்பு புடைத்து, வெளியே வந்ததும் 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு.

"மேடம், நீங்க மூச்சு விடுறதே இல்லையா?"

"ரவுண்டானா முடிஞ்சா விடுவேன்."

"எதுக்கு அடக்கறீங்க?"

"பயம் வந்தா அடக்கணும். தண்ணி உள்ள போகக் கூடாது."

"இங்க ஏது மேடம் தண்ணி?"

கோச் சற்று யோசித்தார். "இல்ல," என்று ஒத்துக்கொண்டார். அடுத்த ரவுண்டானாவில் கன்னம் மறுபடி உப்பியது.

இருபது வருடப் பழக்கத்தை வாயால் சொல்லி மாற்ற முடியாது என்று மாஸ்டருக்குத் தெரியும். வாய்க்கு வேறு வேலை கொடுத்தால்? பேசுகிறவர் மூச்சு விட்டுத்தானே ஆக வேண்டும்?

"பேசிக்கிட்டே ஓட்டுங்க மேடம்."

"என்ன பேச?"

"எதையாவது. உங்க பாஷையிலயே எண்ணுங்க."

"அதீன்!" என்று கோச் கத்தினார். நடைபாதையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "த்வா! த்ரி!"

"அதீன், த்வா, த்ரி," என்றார் மாஸ்டர். கற்றுக்கொள்ளவேண்டும் என்று சொல்லவில்லை. பக்கத்து சீட்டில் இருப்பவர் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்வது அவர் தொழில். 'கிளட்ச்', 'ஆமா, கிளட்ச்' என்று இருபத்தெட்டு வருடம் சொன்ன வாய். ரவுண்டானாவில் ஆறு வரை போனார்கள். கோச்சின் முகம் சிவக்கவில்லை. வண்டி ஒருமுறைகூட உலுக்கவில்லை.

மறுநாள் காலை சீட்டில் உட்கார்ந்து பிரேக்கில் காலை வைத்ததும் மாஸ்டரின் வாய் தானாக, "அதீன், த்வா, த்ரி, சித்தீரி," என்றது. யாரோ பின்சீட்டிலிருந்து பேசுவதாக நினைத்து அவரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அன்றைக்கே விஷயத்தைக் கோச்சிடம் சொன்னார். மகள், பையன், கிரேன், பத்து நிமிடம், இன்னும் எட்டு வாரம்.

"நீங்க பாடம் நடத்திக்கிட்டே ஓட்டுங்க மேடம். உங்களுக்கு மூச்சு வரும். எனக்கு பாஷை வரும்."

"நல்ல மாணவரா இருப்பீங்களா?"

"தெரியல. வீட்ல கேட்டா இல்லம்பாங்க."

பாடத்திட்டத்தைச் சாலையே வகுத்தது. சிவப்பு விளக்கில் பொருட்களின் பெயர். பச்சை விழுந்தால் முழு வாக்கியம். ரிவர்ஸ் பார்க்கிங்கில் சொந்தக்காரர்கள். மாமனார், மாமியார், நாத்தனார் எல்லோரும் சூப்பர்மார்க்கெட் பின்புறம் இரண்டு தூண்களுக்கு நடுவில், பின்பக்கமாக வந்து சேர்ந்தார்கள். 'மயா தோச்', அதாவது 'என் மகள்', பள்ளிக்கூட வேகத்தடையில் வந்தது. இன்றுவரை மாஸ்டர் அதைச் சொல்லும்போது இரண்டு சொல்லுக்கும் நடுவில் உடம்பு ஒருமுறை தூக்கிப் போடும்.

ஒரு சின்னத் தொல்லை. கோச் கற்றுக்கொடுத்தது முழுக்கப் பயந்துகொண்டே கற்றுக்கொடுத்தது. 'வணக்கம், என் பெயர்' என்று ஆரம்பிப்பார், பஸ் ஒன்று உரசிப் போகும், "ஓய், மாமச்கி!" என்று அலறுவார், பிறகு 'உங்களைச் சந்தித்ததில் மிக்க மகிழ்ச்சி' என்று முடிப்பார். நம் ஊர் 'ஐயோ அம்மா'தான் அது. மாஸ்டருக்கு மூன்றும் சேர்ந்து ஒரே மாலையாகக் கோத்துக்கொண்டது.

"மாஸ்டர், நடுவுல 'ஓய் மாமச்கி' வேணாம். அது நான் பயந்தது."

"தெரியுது மேடம். ஆனா அத உருவினா மீதியும் சேந்து வந்துருது."

"ஆனா கத்தாம சொல்றீங்க. சிரிச்ச முகமா 'ஐயோ அம்மா' சொல்ற ஆளை நான் பாத்ததே இல்ல."

"எதுக்கு மேடம் கத்தணும், பஸ்தான் போயிடுச்சே?"

ஏழு வாரத்தில் மாஸ்டர் தன் வேலையைப் பற்றி, மனைவியைப் பற்றி, வானிலையைப் பற்றி, எதிரே வரும் எல்லா வாகனங்களைப் பற்றியும் ரஷ்ய மொழியில் பேசினார். மொத்தம் நாற்பத்தொரு வகுப்பு. கோச் இப்போது பஸ்ஸைப் பார்த்து அலறுவதில்லை, முணுமுணுப்பதோடு சரி. திடீரென்று ஏதாவது குறுக்கே வந்தால் மட்டும் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து முகத்தை மூடிக்கொள்வார். மற்றபடி குறையில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பேச்சுக்கு இரண்டு நாள் முன்பு, மனைவி சாப்பாட்டு மேசையில் போனை நிறுத்தி வைத்து ஒத்திகை பார்த்தார்.

"நான்தான் கிரேன்காரர். ஆரம்பிங்க."

மாஸ்டர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வாயைத் திறந்தார். மூடினார்.

"என்ன?"

"வரல."

"வரலன்னா? நேத்து கார்லேர்ந்து இறங்கறதுக்கு முன்னாடி ஏதோ பொரிஞ்சு தள்ளிட்டிருந்தீங்களே?"

"கார்ல வருது."

"மேசைக்கு என்ன குறை?"

மாஸ்டரின் வலது கால் மேசைக்கு அடியில் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே எதுவும் இல்லை. தரை அமுங்கவில்லை. மொழி வரவில்லை.

மனைவி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். போய் தையல் மெஷினை இழுத்துக்கொண்டு வந்து, மாஸ்டரின் காலைத் தூக்கி அதன் மிதியில் வைத்தார். "இப்ப?"

மாஸ்டர் மிதித்தார். "ஸ்த்ராஸ்த்வுய்த்யே!" என்று வணக்கம் வந்துவிட்டது. அடுத்து பெயரும் வந்தது. மகிழ்ச்சியில் இன்னும் மிதித்தார். அடுத்த வாக்கியத்துக்குள் மெஷினில் மாட்டியிருந்த ஊசி, அதன்மேல் விழுந்து கிடந்த மேசைவிரிப்பின் ஓரத்தை, அங்கே ஊன்றியிருந்த அவருடைய சட்டைக் கையோடு சேர்த்து ஒரு விரற்கடை தைத்துவிட்டது.

"பிரேக் மாதிரி இல்ல," என்றார் மாஸ்டர், கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தபடி. "இது போகச் சொல்ற மிதி. அது நிக்கச் சொல்ற மிதி."

மனைவி கத்தரிக்கோலோடு வந்தார். நூலை வெட்டினார். வெட்டி முடித்ததும், "சரி, கார்லயே பேசிருங்க. நான் பின்னாடி உக்காந்து போன் புடிக்கறேன்," என்றார்.

"நின்னுட்டிருக்கிற கார்ல ஒண்ணு ரெண்டு வார்த்தைதான் வருது. வாக்கியத்துக்கு ஓடணும்."

"ஓட்டச் சொல்லுங்க உங்க கோச்சம்மாவ."

மகளிடம் சொன்னபோது அவள் ஒவ்வொன்றாகக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

"கார்லயா?"

"ஆமாம்மா."

"ஓடுற கார்ல?"

"மெதுவாத்தான்."

"மூணு தடவை ஃபெயிலானவங்க ஓட்டுற கார்ல."

"நீ அவங்கள இப்ப பாக்கல. ரவுண்டானாவுல என்னமா மூச்சு விடறாங்க தெரியுமா?"

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. சாலையில் கூட்டமில்லை. கோச் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். மனைவி பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்து, இரண்டு முன்சீட்டுக்கும் இடையில் போனை நீட்டிப் பிடித்தார். மாஸ்டர் பாதி திரும்பிய நிலையில், கண் ஒன்று சாலையில், ஒன்று போனில், கால் பிரேக்கில். மணி அடித்தது.

திரையில் ஒரு சமையலறை. மேசைக்குப் பின்னால் கிரேன்காரர், பெட்டி போன்ற முகம். பக்கத்தில் அவர் மனைவி. அந்த அம்மா தபால் கொடுக்கிறவர், நாளெல்லாம் நடை. திரையின் மூலையில் சின்னச் சதுரத்தில் மகளும் பையனும், வாயைத் திறக்க மாட்டோம் என்று சத்தியம் செய்துவிட்டு, ஒருவர் கையை ஒருவர் கிள்ளிக்கொண்டு.

மாஸ்டர் சிரித்த முகமாக ரஷ்ய மொழியில் ஆரம்பித்தார். "வணக்கம். நான் பொண்ணோட அப்பா. ஐயோ அம்மா. உங்களச் சந்திச்சதுல ரொம்ப சந்தோஷம்."

கிரேன்காரர் தன் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"எங்க இருக்கீங்க?"

"வேலையில. இது என் நாற்காலி."

"அந்த அம்மா யாரு? நடுவுல ஆள் கூடாதுன்னு சொன்னேனே?"

"நான் நடுவுல இல்ல!" என்று குளத்துக் குரலில் ரஷ்ய மொழியில் கத்தினார் கோச். "நான் ஓட்டறேன்! எங்கிட்ட பேசாதீங்க! திங்கள்! செவ்வாய்! புதன்!"

"எதுக்கு கிழமை சொல்றாங்க?"

"மூச்சு விட," என்றார் மாஸ்டர்.

கிரேன்காரர் அந்த விடையைக் கொஞ்ச நேரம் மென்றார். பிறகு கேள்விகள். எத்தனை வருடமாக வேலை? இருபத்தெட்டு. குடிப்பீர்களா? மழையில் டீ. மகள் எப்படி?

"என் மகள்," என்றார் மாஸ்டர், உடம்பை ஒருமுறை தூக்கிப் போட்டுக்கொண்டு, "நல்லா பாக்கும். எல்லாக் கண்ணாடியிலும் பாக்கும்."

மூலைச் சதுரத்தில் மகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

ஆறாவது நிமிடத்தில் கிரேன்காரர் முன்னால் சாய்ந்தார். இதற்குத்தான் இவ்வளவும் என்று எல்லோருக்கும் புரிந்தது. "என் பையன் கோவக்காரன். என்னை மாதிரி. ஒரு நாள் உங்க பொண்ணோட சண்டை போடுவான். அன்னிக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

மாஸ்டரிடம் அதற்கான சொற்கள் இல்லை. கோபம், சண்டை, சமாதானம் எதுவும் அந்த ரோட்டில் வரவில்லை. அவர் வாயைத் திறந்த அதே நொடியில் வலது பக்கச் சந்திலிருந்து ஒருவர் கைவண்டியில் மெத்தை ஒன்றைத் தள்ளிக்கொண்டு குறுக்கே இறங்கினார்.

கோச் வியாழக்கிழமையோடு நிறுத்தினார். கன்னம் உப்பியது. இரண்டு கையும் முகத்துக்குப் போயின.

மாஸ்டர் ஒரு கையால் ஸ்டியரிங்கைத் தொட்டார். கால் பிரேக்கில் பாதி இறங்கியது. கார் மெத்தைக்கு ஒரு முழம் முன்னால் பூனைபோல் நின்றது. ஹாரன் இல்லை, கூச்சல் இல்லை. திரையில் போன்கூட ஆடவில்லை.

"மூச்சு விடுங்க," என்றார் ரஷ்ய மொழியில், ஏழு வாரமாகச் சொல்லிவரும் அதே குரலில். "வியாழன். அப்புறம் என்ன?"

"வெள்ளி," என்றது கைகளுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"நல்லது. கை கீழ. கண்ணாடி பாருங்க. பின்னாடி யாரு?"

"ஒரு ஸ்கூட்டர்."

"காத்திருக்காரு. அவசரம் இல்ல. முதல் கியர். மெதுவா."

கண்ணாடியை இறக்கி மெத்தைக்காரரிடம், "வீட்ல சொல்லிட்டு வந்தியாப்பா?" என்று தமிழில் கேட்டுவிட்டு, திரைக்குத் திரும்பினார். "மன்னிக்கணும். கேள்வி என்ன?"

கிரேன்காரர் வாய் லேசாகத் திறந்திருந்தது. "சண்டை," என்றார். "சண்டை போட்டா என்ன பண்ணுவீங்க?"

"அதான்," என்றார் மாஸ்டர். அவரிடம் இருந்தது அவ்வளவுதான். "முதல்ல பிரேக். அப்புறம் மூச்சு. கண்ணாடி. மெதுவா."

"நான் சண்டையப் பத்திக் கேட்டேன். இவரு எதுக்குக் கண்ணாடியப் பத்திச் சொல்றாரு?"

"உனக்கெங்க புரியும்?" என்றது தபால்காரம்மாவின் குரல். இவ்வளவு நேரம் ஒரு சொல் பேசாதவர், கணவரின் முன்னாலிருந்து போனைப் பிடுங்கினார். திரை முழுக்க அவர் முகம். "ஏம்மா, ஓட்டற அம்மா! உங்கிட்டதான்!"

"எங்கிட்ட பேசாதீங்க!"

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. இந்த மனுஷன் எத்தன நாள்ல உன்னைத் திட்டினாரு?"

"திட்டவே இல்ல! நாப்பத்தோரு வகுப்பு! சனி! ஞாயிறு!"

"நாப்பத்தொண்ணா?" தபால்காரம்மா கணவர் பக்கம் திரும்பினார். "எனக்கு நீ ஒரே ஒரு நாள் கத்துக்குடுத்த. பத்தாவது நிமிஷம் நடுரோட்டுல எறக்கி விட்ட. இருபத்தாறு வருஷமா நான் பை தூக்கிட்டு நடக்கறேன்."

"நீ வேலியில முட்டின."

"நீ கத்தின, நான் முட்டினேன். வரிசைய மாத்தாத." மறுபடி திரைக்கு வந்தார். "ஐயா, நாங்க அங்க வந்தா எனக்குக் கத்துத்தருவீங்களா?"

மாஸ்டருக்கு அந்த வாக்கியம் முழுதாகப் புரிந்தது. முதல் வகுப்புக்கு வருகிற எல்லோரும் கேட்பது. "தருவேன். காலை ஆறரை. செருப்பு வேணாம், ஷூ போட்டு வாங்க."

"நான் இன்னும் சரின்னே சொல்லலயே!" என்றார் கிரேன்காரர் எங்கோ பின்னாலிருந்து.

"அப்ப சொல்லு."

"பாக்கலாம்."

"பாக்கலாம்னு சொல்லிச் சொல்லித்தான் சமையல்கட்டுக் குழாய் ஒன்பது வருஷமா சொட்டுது. சொல்லு."

திரையில் அரை நிமிடம் யாரும் தெரியவில்லை. மேசையும் ஒரு கோப்பையும் மட்டும். காரில் கோச் கிழமைகளை முடித்துவிட்டு மாதங்களுக்குப் போயிருந்தார். மாஸ்டரின் மனைவி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தூசி துடைத்துக் கற்ற ரஷ்ய மொழியில் தனக்குத் தெரிந்த ஒரே பிரார்த்தனையைச் சொன்னார். "ஹலதீல்னிக், ஹலதீல்னிக்."

"ஹராஷோ," என்றது கிரேன்காரரின் குரல். சரி.

இருபத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக மாஸ்டர் பிரேக்கை முழுசாக மிதித்தார்.

கார் ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. மனைவியின் கையிலிருந்து போன் பறந்து, டேஷ்போர்டில் பட்டு, கீழே விழுந்து, சீட்டுக்கு அடியில் போனது. மீதி இரண்டு நிமிடமும் சம்பந்தி வீட்டார் பார்த்தது ஒரு ரப்பர் விரிப்பும் மாஸ்டரின் இடது ஷூவும்தான். மூலைச் சதுரத்தில் மகள் அழுதுகொண்டே சிரித்தது காரில் யாருக்கும் தெரியவில்லை, காதில் மட்டும் விழுந்தது.

கோச் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி, மெல்ல மாஸ்டர் பக்கம் திரும்பினார். அவர் கன்னம் உப்பியிருந்தது. கோச்சின் கன்னம் அல்ல, மாஸ்டருடையது.

"மூச்சு விடுங்க மாஸ்டர்," என்றார் தமிழில்.

பதினைந்து நாள் கழித்து கோச்சுக்கு நான்காவது தேர்வு. அதே ஆய்வாளர் வந்து, பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கோச்சுக்கு மரியாதையாக ஏதாவது சொல்லத் தோன்றியது. மாஸ்டர் ரோட்டில் பார்க்கிறவர்களையெல்லாம் கேட்பதை, கூடுதல் பணிவோடு கேட்டார். "சார், வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா?"

ஆய்வாளர் நேராக முன்னால் பார்த்தார். "சொல்லிட்டுத்தாம்மா வந்தேன்," என்றார். "மூணு தடவ அனுபவம் இருக்குல்ல?"

கோச் பன்னிரண்டு மாதங்களையும் ரஷ்ய மொழியில் உரக்கச் சொல்லிக்கொண்டே தேர்வை முடித்தார். தாளில் 'தேர்ச்சி' என்று எழுதி, கீழே 'சத்தம் அதிகம்' என்றும் எழுதிக் கையெழுத்திட்டார் ஆய்வாளர். இறங்கும்போது அக்டோபருக்கு அப்புறம் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு சம்பந்திகள் வந்தார்கள். வந்த மறுநாள் காலை ஆறரை மணிக்கு, ஷூ போட்டுக்கொண்டு, தபால்காரம்மா காருக்குப் பக்கத்தில் நின்றார். கிரேன்காரரும் வந்துவிட்டார். தான் இல்லாமல் இது நடக்கக்கூடாது என்பது அவர் கட்சி.

"பின்னாடி," என்றார் மாஸ்டர் ரஷ்ய மொழியில், காலைப் பிரேக்கில் வைத்தபடி. "பேச்சு கூடாது."

வகுப்பு எடுக்கும் காலி மைதானம். நடுவில் தண்ணீர் நிரப்பிய ஒரு நீல டிரம். அவ்வளவு பெரிய இடத்தில் அது ஒன்றுதான் இருந்தது. தபால்காரம்மா வண்டியை எடுத்தார். முதல் திருப்பம் சரியாகத் திரும்பினார். இரண்டாவது திருப்பத்தில் கார் தன் இஷ்டத்துக்கு நீல டிரம்மை நோக்கிப் போக ஆரம்பித்தது.

கண்ணாடியில் கிரேன்காரரின் முகம் தெரிந்தது. உச்சியில் தனியாக உட்கார்ந்து எத்தனையோ டன் இரும்பை அசைக்காமல் இறக்கியவர், இரண்டு கையாலும் முன்சீட்டைப் பிடித்திருந்தார். வாய் திறந்தது. மாஸ்டர் கண்ணாடியிலேயே ஒரு விரலைக் காட்டினார். வாய் மூடியது. டிரம் நெருங்கியது. வாய் திறந்தது.

"ஓய், மாமச்கி!"

மாஸ்டரின் கால் பாதி இறங்கியது. டிரம்முக்கு ஒரு முழம் முன்னால் கார் பூனைபோல் நின்றது. அவர் பின்சீட்டுக்குத் திரும்பினார். அந்த அலறலுக்குப் பின்னால் என்ன வரும் என்று அவர் வாய்க்கு நன்றாகத் தெரியும்.

"உங்களச் சந்திச்சதுல ரொம்ப சந்தோஷம்," என்றார்.